ஜிங்கோ இலையும் பிரஷர் மாத்திரையும்: ஒரு பெரிய பரிசோதனையின் முழுக் கதை

உயர் ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு முதுமையில் நினைவாற்றல் தேயும் வாய்ப்பு அதிகம். இதில் மருத்துவர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. அந்தத் தேய்வை ஒரு மூலிகைச் சாறு தடுக்குமா என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. மருந்துக் கடையில் ஜிங்கோ என்ற சீன மரத்தின் இலைச் சாற்று மாத்திரை கிடைக்கிறது, நாட்டு மருந்துக் கடையில் வல்லாரைப் பொடி கிடைக்கிறது, வாட்ஸப்பில் நாளுக்கொரு குறிப்பு வந்து விழுகிறது. "பிரஷர் மாத்திரையை எத்தனை வருஷந்தான் முழுங்கறது, இதைச் சாப்பிட்டா போதாதா?" என்று கேட்கும் பெரியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு ஊகத்தால் பதில் சொல்லக் கூடாது.

நல்லவேளையாக, ஊகம் தேவைப்படாத ஒரு நிகழ்வு நம்மிடம் இருக்கிறது. அமெரிக்காவில் 2000 முதல் 2008 வரை நடந்த 'ஜிங்கோ நினைவாற்றல் மதிப்பீட்டு ஆய்வு'. சுருக்கமாக 'ஜெம்' என்பார்கள். 75 வயதைத் தாண்டிய 3,069 பேர், சராசரியாக ஆறு வருடத்துக்குத் தினமும் இரண்டு மாத்திரை. ஒரு தாவரச் சாற்றுக்கு இவ்வளவு நீண்ட, இவ்வளவு நேர்மையான வாய்ப்பு மிக அரிதாகவே கிடைத்திருக்கிறது. 2008ல் வந்த முதல் முடிவைத்தான் செய்தித்தாள்கள் எழுதின. அதே பதிவேடுகளை வைத்து 2010லும் 2013லும் வந்த இரண்டு கட்டுரைகளை அதிகம் பேர் கவனிக்கவில்லை. ரத்த அழுத்தம் உள்ள ஒருவருக்கு அந்த இரண்டும்தான் அதிகம் பயன்படும் என்பது என் உறுதியான கருத்து.

அழுத்தம் மூளைக்குள் என்ன செய்கிறது

மூளையின் மேற்பரப்புக்குப் போகும் ரத்தக் குழாய்கள் படிப்படியாகக் கிளை பிரிந்து மெலிகின்றன. ஒவ்வொரு கிளையிலும் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்துவிடும். ஆழத்தில் இருக்கும் பகுதிகளுக்கு அந்த வசதி இல்லை. அங்கே மயிரிழை போன்ற சிறு தமனிகள் பெரிய தமனியிலிருந்து நேரடியாகச் செங்குத்தாகக் கிளம்புகின்றன. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் மெயின் குழாயில் வால்வு எதுவும் இல்லாமல் கால் அங்குலக் குழாயைச் சொருகியது போன்ற அமைப்பு. மெயினில் அழுத்தம் ஏறினால் முதல் அடி இவற்றுக்குத்தான்.

வருடக்கணக்கில் அடி வாங்கும் சுவர் தடிக்கிறது. தடித்தால் உள்ளே வழி குறுகும். சில இடங்களில் அடைத்துக்கொண்டு அரிசி அளவுக்கோ பட்டாணி அளவுக்கோ மூளைத் திசு செத்துப்போகும். சில இடங்களில் சுவர் நொய்ந்து உடைந்து ரத்தம் கசியும். இன்னும் பரவலாக நடப்பது, நரம்பு இழைகள் ஓடும் வெண்பகுதிக்குப் போதிய ரத்தம் கிடைக்காமல் மெதுவாகப் பட்டினி கிடப்பது. எம்.ஆர்.ஐ. படத்தில் இது வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கும், பலரும் அதைக் கவனிக்காமலே உறையில் போட்டு வைத்துவிடுவார்கள்.

இந்த வகைத் தேய்வில் முதலில் போவது பெரும்பாலும் பெயர்களோ முகங்களோ கிடையாது. வேகம் போகிறது. பால் கணக்கை நொடியில் போட்டவர் இப்போது பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறார். அடுப்பில் ஒன்றை வைத்துவிட்டுப் போனில் பேச முடிவதில்லை. வங்கிப் படிவத்தில் எதை எங்கே எழுதுவது என்று தயங்குகிறார். "முன்ன மாதிரி சுறுசுறுப்பு இல்லை, வயசாயிடுச்சு" என்று வீட்டில் சொல்லி விட்டுவிடுகிறோம். பேரனின் பெயர் நினைவில் இருப்பதால் மறதி நோய் என்ற எண்ணமே யாருக்கும் வருவதில்லை.

இன்னொன்று, இந்தச் சேதத்துக்குத் தாமதம் அதிகம். ஹவாயின் ஓஹூ தீவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்களை 1965லிருந்து பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. நடுவயதில் அவர்களுக்கு எடுத்த ரத்த அழுத்த அளவுக்கும் சுமார் 25 ஆண்டு கழித்து அவர்களுடைய அறிவாற்றல் இருந்த நிலைக்கும் தொடர்பு தெரிந்தது. ஐம்பது வயதில் 160 என்று பிபி காட்டும்போது எந்த வலியும் இல்லை. அதற்கான கணக்கு எழுபத்தைந்தில்தான் தெரிய வருகிறது. ஜெம் முடிவுகளைப் படிக்கும்போது இந்த இடைவெளியை மனதில் வைத்திருக்க வேண்டும்.

ஏன் ஜிங்கோவைத் தேர்ந்தெடுத்தார்கள்

ஜிங்கோ சீனாவின் மரம். விசிறி போல விரிந்த இலை. இந்த ஆய்வின் மருந்துக்குப் பயன்பட்டது விதையும் பட்டையும் அல்ல, இலைதான். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரிலுள்ள வில்மார் ஷ்வாபே நிறுவனம் அதிலிருந்து இ.ஜி.பி. 761 என்ற சாற்றைத் தயாரித்தது. ஒரு கிலோ சாறுக்கு 35 முதல் 67 கிலோ வரை காய்ந்த இலை. ஃபிளவனாய்டு வகைப் பொருட்கள் சுமார் 24 சதவீதம், டெர்பீன் வகை சுமார் 6 சதவீதம் என்று ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒரே அளவு. ஒவ்வாமை தரக்கூடிய ஜிங்கோலிக் அமிலம் பத்து லட்சத்தில் 5 பங்குக்கும் குறைவு. இவ்வளவு விவரமும் எதற்கு என்றால், நாம் கடையில் வாங்கும் பெரும்பாலான மூலிகைக் குப்பிகளில் இதில் பாதிகூட எழுதியிருக்காது. "சாறு 500 மி.கி." என்று மட்டும் இருக்கும். எந்தப் பாகம், எதில் வடித்தது, எத்தனைக்கு ஒன்று என்பதெல்லாம் தெரியாமல் எந்த ஆய்வின் முடிவையும் அந்தக் குப்பிக்குப் பொருத்த முடியாது.

நம்பிக்கைக்கும் காரணம் இருந்தது. சாற்றிலுள்ள ஜிங்கோலைடு பி என்ற பொருள் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைத் தூண்டும் ஒரு வேதிப்பொருளைத் தடுக்கும். சாறு ரத்த ஓட்டத்தை இலகுவாக்கும், ஆக்ஸிஜனேற்றச் சேதத்தைக் குறைக்கும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. 1997ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு சோதனையில், ஏற்கெனவே மறதி நோய் வந்தவர்களிடம் சிறு முன்னேற்றம் தெரிந்தது. சரி, வந்த பிறகு சிறிதளவு உதவுகிறது என்றால் வருமுன் தடுக்காதா என்ற கேள்வி எழாமல் இருக்குமா? அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களின் கீழ் மாற்று மருத்துவத்துக்கென்று அமைந்த மையம் பணம் போட்டது. முதுமை பற்றிய தேசிய நிறுவனமும் சேர்ந்துகொண்டது. மாத்திரைகளை ஷ்வாபே நிறுவனமே கொடுத்தது.

நடத்திய விதம்

பிட்ஸ்பர்க், சாக்ரமென்டோ, ஹேகர்ஸ்டவுன், வின்ஸ்டன்-சேலம் என்று சில ஊர்களில் ஆட்களைச் சேர்த்தார்கள். சராசரி வயது 79. இவர்களில் 2,587 பேருக்கு அறிவாற்றல் இயல்பாக இருந்தது, 482 பேருக்கு லேசான குறைபாடு தொடங்கியிருந்தது. மறதி நோய் ஏற்கெனவே இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களையும் சேர்க்கவில்லை, ரத்தக் கசிவு பயம் காரணமாக. குலுக்கல் முறையில் 1,545 பேருக்கு 120 மி.கி. ஜிங்கோ, தினம் இரண்டு வேளை. 1,524 பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது போகிறது என்று சாப்பிடுபவருக்கும் தெரியாது, பரிசோதிப்பவருக்கும் தெரியாது.

என்னை மிகவும் கவர்ந்த நிபந்தனை ஒன்று உண்டு. கலந்துகொள்ளும் ஒவ்வொருவரும் தன்னை நன்றாக அறிந்த ஒருவரை, துணைவரையோ பிள்ளையையோ நண்பரையோ, உடன் அழைத்து வர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரிடமும் கேள்வி கேட்பார்கள். வீட்டு வேலை எப்படிச் செய்கிறார், பண விவகாரத்தைக் கவனிக்கிறாரா, வெளியே தனியாகப் போய் வருகிறாரா என்று. மறதி நோயை அதற்கு ஆளானவரே மறைத்துப் பேசுவது சகஜம், பல நேரம் தனக்கு இருப்பதே தெரியாமல். பக்கத்தில் இருப்பவரின் சாட்சி இல்லாமல் எந்தச் சோதனைத் தாளும் முழுமை பெறாது. மதிப்பெண் இறங்கினால் விரிவான நரம்பியல் பரிசோதனை, ஸ்கேன், அதன் பிறகு நிபுணர் குழு கூடி முடிவு செய்யும். பிபியும் வருகைகளின்போது பதிவானது. என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்ற பட்டியலும் அப்படியே.

2008: இலை தோற்றது

2008 நவம்பரில் ஸ்டீவன் டிகோஸ்கி தலைமையிலான குழு முடிவை வெளியிட்டது. மொத்தம் 523 பேருக்கு மறதி நோய் வந்திருந்தது. ஜிங்கோ சாப்பிட்டவர்களில் 277, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 246. ஆண்டுக்கு நூறு பேருக்கு முறையே 3.3, 2.9. இந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய அளவுக்குள்தான் இருந்தது. அதனால் ஜிங்கோ கெடுதல் செய்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. தடுத்தது என்று எந்தக் கோணத்திலிருந்தும் சொல்ல முடியாது. அடுத்த வருடம் அதே குழு நினைவு, கவனம், மொழி, திட்டமிடும் திறன் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. தேய்வின் வேகத்தைக்கூட ஜிங்கோ குறைக்கவில்லை.

மூளைக்குள் ரத்தக் கசிவால் வந்த பக்கவாதம் ஜிங்கோ பக்கம் 16, மறுபக்கம் 8. எண்ணிக்கை சிறியது, உறுதியான முடிவுக்கு வர இது போதாது. ஆனால் ஜிங்கோ தட்டணுக்களைத் தொடும் பொருள் என்று முன்பே தெரியும். வார்ஃபரின் ஆட்களை விலக்கிய பிறகும் இப்படி ஒரு எண் வந்திருக்கிறது. ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடும் பிரஷர் நோயாளி ஒருவர் கடையில் தானாக ஜிங்கோ வாங்கிப் போடுவதைப் பார்த்தால் எனக்கு இந்த 16தான் ஞாபகம் வருகிறது.

பரிசோதனையின் குறைகளையும் சொல்ல வேண்டும். கடைசி வரை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் சுமார் 60 சதவீதம்தான். பெரும்பாலானவர்கள் வெள்ளையர்கள். வயதோ எண்பதை நெருங்குகிறது. முன்பு சொன்ன 25 வருட இடைவெளியை நினைத்துப் பாருங்கள். நடுவயதில் தொடங்கிய சேதத்தை 79 வயதில் தொடங்கும் மாத்திரை திருப்பிவிடுமா? இந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடையில் ஜிங்கோ வாங்குபவர்களில் பெரும்பகுதி இதே வயதுக்காரர்கள்தான். பிரான்ஸில் கைடேஜ் என்ற இன்னொரு சோதனை 70 வயதைத் தாண்டி, மறதி இருப்பதாகத் தாங்களே மருத்துவரிடம் சொன்ன 2,854 பேரிடம் அதே சாற்றை ஐந்து வருடம் பார்த்தது. 2012ல் முடிவு வந்தது. ஜிங்கோ பக்கம் 61 பேருக்கு மறதி நோயின் முக்கிய வகையான அல்சைமர், மறுபக்கம் 73. அதுவும் உறுதியான வித்தியாசம் இல்லை. ஒன்றில் சற்று மேலே, இன்னொன்றில் சற்றுக் கீழே. ஒரு பொருளுக்கு விளைவே இல்லாதபோது முடிவுகள் இப்படித்தான் இரண்டு பக்கமும் ஆடும்.

2010: அழுத்தம் அசையவே இல்லை

ஜிங்கோ பிபியைக் குறைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. சீனாவில் நடந்த பல சிறு சோதனைகள் அப்படிச் சொன்னன. அவற்றின் தரம் குறைவு என்பது தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவு. ஜெம் பதிவேடுகளில் இதற்கும் விடை இருந்தது. சேரும்போதே 54 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், இன்னொரு 28 சதவீதம் அதன் வாசலில். ஆறு வருட அளவுகளை எடுத்துப் பார்த்தால் ஜிங்கோ சாப்பிட்டவர்களின் பிபியும் சாப்பிடாதவர்களின் பிபியும் ஒரே மாதிரி நகர்ந்தன. பிரஷர் உள்ளவர்களிடமும் வித்தியாசம் இல்லை, இல்லாதவர்களிடமும் இல்லை. புதிதாகப் பிரஷர் வருவதையும் அது தடுக்கவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் கவனிக்கத் தக்கது. பிரஷர் இருந்தவர்களின் பிபி காலப்போக்கில் குறைந்தது, இயல்பாக இருந்தவர்களின் பிபி ஏறியது. இரண்டு குழுவிலும் அப்படியே. இந்த ஜிங்கோ குழுவில் இருந்த ஒரு பிரஷர் நோயாளி "இலை சாப்பிட்டேன், பிபி இறங்கிடுச்சு" என்று மனப்பூர்வமாகச் சொல்லியிருப்பார். பொய் சொல்லியிருக்க மாட்டார். வெற்று மாத்திரை சாப்பிட்டவருக்கும் அதேபோல் இறங்கியது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவத்தை மட்டும் நம்பி மருந்தை மாற்றக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அவர் நாணயத்தின் மீது யாருக்கும் சந்தேகம் இல்லை.

2013: மருந்துப் பட்டியலில் கிடைத்தது

ஜெம்மில் சேர்ந்தவர்கள் தங்கள் வழக்கமான மருந்துகளை நிறுத்தவில்லை. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு குழு, எந்தப் பிரஷர் மருந்து சாப்பிட்டவர்களுக்கு அல்சைமர் குறைவாக வந்தது என்று பார்த்தது. 2013ல் நியூராலஜி இதழில் வெளிவந்த அந்தக் கட்டுரையில் 2,248 பேர். அவர்களில் 290 பேருக்கு அல்சைமர் வந்திருந்தது.

தொடக்கத்தில் அறிவாற்றல் இயல்பாக இருந்தவர்களில், சிறுநீர் பெருக்கி வகை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ பாதி. எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை அடங்கிய வகைக்கும் பாதி. லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற 'சார்டன்' வகைக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அம்லோடிபின் அடங்கிய வகைக்கு இப்படித் தொடர்பு எதுவும் தெரியவில்லை. பிபி அளவைக் கணக்கில் சேர்த்துப் பார்த்த பிறகும் இந்தத் தொடர்புகள் நின்றன.

இலையைச் சோதிக்க ஆட்களைத் திரட்டி, ஆறு வருடம் பாடுபட்டு எழுதிய பதிவேட்டில், யாரும் சோதிக்கக் கிளம்பாத சாதாரண மாத்திரைகள் பக்கம் பதில் கிடந்திருக்கிறது. இந்தக் கண்டுபிடிப்புக்கு அதற்குரிய கவனம் கிடைக்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனால் இது கவனித்துப் பார்த்த தொடர்பு மட்டுமே. பிரஷர் மாத்திரையைக் குலுக்கிக் கொடுக்கவில்லை. ஒழுங்காக மாத்திரை சாப்பிடுபவர் நடைப்பயிற்சியும் ஒழுங்காகச் செய்யலாம், நல்ல மருத்துவரிடம் போகலாம். அதனால் இந்த எண்களைப் பார்த்துவிட்டு யாரும் அம்லோடிபினை நிறுத்தி டெல்மிசார்டன் கேட்டுப் போக வேண்டாம். வேறு ஒரு சான்றும் எதிர்ப்பக்கம் இருக்கிறது. 1998ல் வெளிவந்த ஐரோப்பிய 'சிஸ்ட்-யூர்' சோதனையில் அம்லோடிபின் இனத்தைச் சேர்ந்த நைட்ரெண்டிபின்தான் முதல் மருந்து. 2,418 பேரில் மறதி நோய் வெற்று மாத்திரைப் பக்கம் 21 பேருக்கு, மருந்துப் பக்கம் 11 பேருக்கு. எந்த மருந்து என்பதைவிட, பிபி இறங்கிக் கட்டுக்குள் நிற்கிறதா என்பதே முக்கியம் என்றுதான் இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

குலுக்கிப் பார்த்த சான்றுகள்

அதை உறுதிப்படுத்த வேண்டியது குலுக்கல் முறைச் சோதனைகள்தான். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த 'ஹைவெட்' 2008ல் தெளிவான பலன் காட்டவில்லை. பின்தொடர்ந்த காலம் இரண்டு வருடத்துக்குச் சற்று அதிகம், போதாது. அடுத்து 2019ல் 'ஸ்பிரிண்ட் மைண்ட்' வந்தது. 50 வயதைத் தாண்டிய 9,361 பேர். ஒரு பக்கம் மேல் அளவை 120க்குக் கீழே கொண்டுவர முயற்சி, மறுபக்கம் 140க்குக் கீழே. லேசான அறிவாற்றல் குறைபாடு வரும் வாய்ப்பு 120 பக்கம் சுமார் 19 சதவீதம் குறைந்தது. மறதி நோயும் 17 சதவீதம் குறைவாகத்தான் இருந்தது, ஆனால் அந்த எண் புள்ளியியல் உறுதியைத் தொடவில்லை. இதயப் பலன் தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அது ஒரு காரணமாக இருக்கலாம்.

அதே சோதனையில் 449 பேருக்கு இரண்டு முறை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். வெள்ளைத் திட்டுகள் எல்லோருக்கும் வளர்ந்தன. 120 பக்கம் 0.92 கன சென்டிமீட்டர், 140 பக்கம் 1.45. அரை கன சென்டிமீட்டர் என்பது கொஞ்சம்தான், ஆனால் நான் முதலில் சொன்ன ஆழத்துச் சிறு தமனிகள் இருக்கும் இடத்தில் நடந்தது அது. மூளையின் மொத்த அளவு 120 பக்கம் சற்றுக் கூடுதலாகச் சுருங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்கு என்ன பொருள் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று சீனக் கிராமங்களிலிருந்து வந்தது. 326 கிராமங்கள், பிபி கட்டுக்குள் இல்லாத 33,995 பேர், எல்லோரும் 40 வயதைத் தாண்டியவர்கள். பாதிக் கிராமங்களில் உள்ளூர் கிராம வைத்தியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, விலை குறைந்த மருந்துகளைக் கொண்டு 130/80க்குக் கீழே கொண்டுவரச் சொன்னார்கள். நான்கு வருடத்தில் மற்றக் கிராமங்களைவிட மேல் அளவு 22 புள்ளி கூடுதலாக இறங்கியது. மறதி நோய் 15 சதவீதம் குறைந்தது. 2025ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. புது மருந்து எதுவும் இல்லை, பெரிய மருத்துவமனை இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் பிபி பார்க்க ஒரு ஆள், தீராமல் கிடைக்கும் மாத்திரை. தமிழ்நாட்டில் 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அந்த மாத்திரை டப்பாவை மாரடைப்புக்கு மட்டுமான பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சீன எண்களைச் சொல்ல வேண்டும்.

எலிகளும் வல்லாரையும்

"மூலிகை மூளையைக் காக்கும் என்று விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு" என்ற தலைப்புகள் அப்புறம் எங்கிருந்துதான் வருகின்றன? பெரும்பாலும் எலிகளிடமிருந்து. 1963ல் கியோட்டோவில் ஒகாமோட்டோவும் ஆவோகியும் பிறவியிலேயே பிபி ஏறும் எலி இனத்தை உருவாக்கினார்கள். அதற்குச் சாற்றைக் கொடுத்து, கலங்கலான நீர்த் தொட்டியில் மூழ்கியிருக்கும் மேடையை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பார்கள். பயனுள்ள சோதனைதான். ஆனால் இந்த எலி இனம் இயல்பிலேயே பரபரப்பானது. குழந்தைகளின் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டு நிலையை ஆராயவும் இதே எலியைத்தான் பயன்படுத்துகிறார்கள். தொட்டியில் அது தடுமாறினால் நினைவு குறைந்ததாலா, பதற்றத்தாலா என்று பிரிப்பது கடினம்.

அளவையும் பார்க்க வேண்டும். எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 200 மி.கி. கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். மனிதருக்கு மாற்றும் வழக்கமான கணக்குப்படி 6.2ஆல் வகுத்தால் கிலோவுக்கு சுமார் 32 மி.கி. வரும். 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினம் ஏறத்தாழ 1.9 கிராம் சாறு. அந்தச் சாறு பத்துக்கு ஒன்று என்று வடித்ததாக இருந்தால் 19 கிராம் காய்ந்த இலை. வாரத்துக்கு ஒரு நாள் வல்லாரைத் துவையல் சாப்பிடுவதற்கும் இதற்கும் தூரம் அதிகம்.

வல்லாரையை மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். 2016ல் வெளிவந்த இந்தோனேசிய ஆய்வு ஒன்றில், பக்கவாதத்துக்குப் பிறகு அறிவாற்றல் குறைந்த 48 பேரிடம் வல்லாரைச் சாற்றையும் ஃபோலிக் அமிலத்தையும் ஆறு வாரம் ஒப்பிட்டார்கள். மொத்த மதிப்பெண்ணில் குழுக்களுக்கிடையே வேறுபாடு இல்லை. சற்று நேரம் கழித்து நினைவுகூரும் பகுதியில் மட்டும் வல்லாரை முன்னே இருந்தது. 48 பேர், ஆறு வாரம். ஜெம்மின் 3,069 பேரையும் ஆறு வருடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வல்லாரைக்கு இன்னும் பரீட்சையே வைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். தோற்றுவிட்டது என்று சொல்வதும் தவறு, ஜெயித்துவிட்டது என்று லேபிளில் அச்சடிப்பதும் தவறு.

தாவரம் பிபியை இறக்காது என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. சர்ப்பகந்தாவை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949ல் அதன் வேரை 50 பிரஷர் நோயாளிகளிடம் பயன்படுத்திய அனுபவத்தைப் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதினார். 1952ல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அதிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தெடுத்தார்கள். மிக உயர்ந்த பிபியை மருந்தால் குறைத்தால் உயிர் தப்பும் என்று 1967ல் நிரூபித்த அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் சோதனையில், கொடுத்த மூன்று மருந்துகளில் ஒன்று இந்த ரிசர்பைன். மில்லிகிராமின் பின்னத்தில் அளவு தெரிந்தது, பிபி இறங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. மனச்சோர்வு வரலாம் என்ற பக்கவிளைவும் பதிவானது. ஒரு செடி மருந்தாக மாறும் பாதை அப்படித்தான் இருக்கும்.

நேர் எதிராக, அதிமதுரம் பிபியை ஏற்றும். அதிலுள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனை முடக்கும் ஒரு நொதியைத் தடுக்கிறது. உடம்பில் உப்பு தங்கும், பொட்டாசியம் குறையும், பிபி எகிறும். தொண்டைக்கு இதம் என்று தினமும் அதிமதுரப் பொடி சாப்பிடும் பிரஷர் நோயாளி அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 'நினைவாற்றல் சூரணம்' என்ற பெயரில் வருவதில் அதிமதுரம் சேர்ந்திருக்கிறதா என்று சேர்மானப் பட்டியலைப் படித்துப் பார்ப்பதும் நல்லது. செம்பருத்தி டீயிலும் குழப்பம் உண்டு. 2010ல் வந்த ஓர் அமெரிக்கச் சோதனையில் கலந்துகொண்ட 65 பேரில் தினம் மூன்று கோப்பை அந்த டீயைக் குடித்தவர்களுக்கு ஆறு வாரத்தில் மேல் அளவு 7 புள்ளி இறங்கியது, மற்றவர்களுக்கு ஒரு புள்ளிக்குச் சற்று மேல். ஆனால் அது புளிச்சைக் குடும்பத்துச் சிவப்புப் புல்லிதழில் போட்ட டீ. நம் வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தி வேறு செடி.

வல்லாரைக்கோ, நினைவாற்றலுக்கென்று சொல்லப்படும் இன்னொரு மூலிகையான நீர்ப்பிரமிக்கோ நாளை யாராவது ஒரு ஜெம் நடத்துவதாக இருந்தால், எனக்குச் சில எதிர்பார்ப்புகள் உண்டு. எண்பதை நெருங்கியவர்களை விட்டுவிட்டு 50, 55 வயதுப் பிரஷர் நோயாளிகளைச் சேர்க்க வேண்டும். எல்லோருக்கும் பிபியை மாத்திரையால் முதலில் கட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்கு மேல் கூடுதலாக ஒரு பாதிக்குச் சாறு, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. தொடக்கத்திலும் நான்காம் வருடத்திலும் எம்.ஆர்.ஐ. எடுத்து வெள்ளைத் திட்டுகளை அளக்க வேண்டும். கணக்குப் போடும் வேகத்தையும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கும் திறனையும் சோதிக்க வேண்டும், வார்த்தைப் பட்டியலை ஒப்பிக்கச் சொல்வது மட்டும் போதாது. கூடவே வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரச் சொல்லி அவரிடமும் கேட்க வேண்டும்.